ஏழாம் ஆள்

தம்பி,

இன்று காலை கட்டட சைட்டில் கழிப்பறைக் கதவில் புதிதாக ஓர் அட்டை ஒட்டியிருந்தார்கள். மேலே வெளிர்மஞ்சள், கீழே போகப் போகக் கருத்து, கடைசியில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறம். பக்கத்தில் ஆறேழு மொழிகளில் எழுத்து. நாலாவது நம்முடையது. நான் கதவைத் திறக்காமல் நின்று எழுத்துக் கூட்டினேன். பின்னால் வரிசையில் நின்ற குமரேசன், உள்ளே போகிறீர்களா, பரீட்சை எழுதுகிறீர்களா என்று கேட்டான். நான் நகரவில்லை. "சிறுநீர் இந்த நிறத்தில் இருந்தால் உடனே தண்ணீர் குடியுங்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்." முழுக்க நானே படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அறுபத்திரண்டு வயதில் கழிப்பறை வாசலில் நின்று சிரித்த ஆள் வளைகுடாவில், இந்த புஜைராவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிரித்து முடித்ததும் அந்தக் கடைசி நிறத்தைப் பார்த்தேன். உன் ஞாபகம் வந்தது.

அந்த அட்டை உன் கட்டுரையைப் பார்த்து வந்ததா, வேறு எங்கிருந்தோ வந்ததா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது என்று சொன்னவன் நீ. அதனால் தெரியாது என்றே எழுதுகிறேன்.

மேலே இன்று காலை என்று எழுதி நாலு நாள் ஆகிவிட்டது. என் கை அவ்வளவு மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒவ்வொரு வரி முடியும்போதும் வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு வெளியே வருகிற மாதிரி ஒரு நிம்மதி. இந்தச் சந்தோஷத்தை எனக்கு மறைக்கத் தெரியவில்லை. உன்னைப் பற்றிய மடலில் சந்தோஷம் இருக்கலாமா என்றும் தெரியவில்லை.

நீ கல்லூரியில் சேர்ந்ததை முதலில் ரூமில் யாரும் நம்பவில்லை. நாற்பது வயதில், கம்பி கட்டிக் காய்த்துப்போன கையோடு, லீவு நாளில் பஸ் பிடித்து பர் துபாய் போய் மாடியில் ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருவாய். அஞ்சல்வழிப் பட்டம், அதில் கடைசியாக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் பாடம் என்று எனக்கு விளக்கினாய். முதல் நாள் திரும்பி வந்தபோது உன் முகம் தொங்கிப்போயிருந்தது. வளைகுடாத் தமிழரின் துன்பங்கள் என்று தலைப்பு கொண்டுபோயிருக்கிறாய். அதைக் கேட்டதும் டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். இதை எழுத மூன்று தலைமுறை வேண்டும், ஒரு மதிய நேரத்தில் கேட்டு முடிக்கிற கேள்வியாகக் கொண்டுவாருங்கள் என்றாராம்.

ஒரு வாரம் மேல் கட்டிலின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாய். பிறகு வெயில் நேரத்து ஓய்வில் ஒரு நாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாய். கழிப்பறை கம்பிக் குவியலுக்கு அப்பால் பத்து நிமிட நடை. போய்வந்தால் ஃபோர்மேன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், யல்லா யல்லா, சீக்கிரம் என்பான். அந்த நடைக்குப் பயந்து நாம் எல்லாருமே தண்ணீரைக் குறைத்துக் குடிப்போம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வந்த ஒரு மாதத்தில் உடம்பே கற்றுக்கொள்ளும். அதுதான் உன் கேள்வியானது. ஒரு டூட்டியில் ஓர் ஆள் எத்தனை தடவை போகிறான்?

அன்றைக்கே குமரேசன் உனக்கு மூத்திரப் புரொபசர் என்று பேர் வைத்துவிட்டான். நீ கோபித்துக்கொள்ளவில்லை. டீச்சரிடம் சொல்கிறேன், பட்டம் அதற்குள் வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாய்.

ஆட்களிடம் சம்மதம் வாங்கத் தமிழில் ஒரு தாள் எழுதி வந்தாய். எனக்குப் படித்துக் காட்டினாய். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. திரும்பப் படிக்கச் சொன்னேன். முப்பது வருடமாக ஏஜெண்ட் ஆபீசில், மெடிக்கலில், கேம்ப்பில் எத்தனையோ தாளில் பெருவிரல் வைத்திருக்கிறேன். போகலாம் என்று சொன்ன தாள் அது ஒன்றுதான். சந்தோஷமாக விரலை நீட்டினேன்.

"கைநாட்டு வேண்டாம்ணே. நீங்களே படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள உன் காலேஜையே மூடிருவான்."

"மூடட்டும்."

விளையாட்டுக்குச் சொன்னாய் என்று நினைத்தேன். டீச்சரிடம் தவணை கேட்டு இரண்டு மாதம் காத்திருந்தாய். ஓய்வு நேரத்தில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாய். உன் பட்டியலில் மூன்றாம் எண்ணை எனக்காகக் காலியாக வைத்திருந்தாய். நான் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்ட அன்று ரூமில் எல்லாருக்கும் சேமியாப் பாயசம் வைத்தேன். குமரேசன் மூன்று தம்ளர் குடித்தான்.

பேர் எழுதாமல் எண் மட்டும் போட்டாய். ஒருவன் எண் இன்னொருவனுக்குத் தெரியாது. கேட்டால், பாடத்தில் அப்படித்தான் என்பாய். முதல் வாரம் வாய்மொழியாகக் கேட்டாய். எல்லாரும் ஐந்து என்றார்கள். குமரேசன் பத்து என்றான். கேட்கிறவனுக்குப் பிடித்த பதிலைத்தான் மனிதன் சொல்வான், அதனால் வாயை நம்பாத வழி ஒன்று தேடவேண்டும் என்று டீச்சர் சொன்னதாகச் சொன்னாய். தண்ணீர் பாட்டில் மூடிகளைப் பத்துப் பத்தாகக் கொடுத்தாய். இடது பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒன்றை வலது பைக்கு மாற்ற வேண்டும். சாயங்காலம் வலது பையில் உள்ளதை உன்னிடம் கொட்டவேண்டும். எட்டுப் பேர் அப்படி மூடியும் பையுமாகத் திரிந்தோம். உன் பையிலும் மூடிகள் கிலுகிலுக்கும். எங்களுக்கு வழி காட்டத்தான் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுவாய். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, வலப்பக்கம் பிறர் சொல்லிக் கேட்டது. இரண்டும் கலந்தால் கட்டுரை கெட்டுவிடும் என்பாய். நானும் இப்போது அப்படியே பிரித்து எழுதப் பார்க்கிறேன்.

பார்த்தது இது. கம்பி முறுக்கக் கையில் வலு போனதும் என்னைத் தண்ணீர் வேலைக்கு மாற்றினார்கள் அல்லவா, கூலரில் நிரப்புவதும் ஆட்களுக்கு ஊற்றித் தருவதும் நான்தான். நீ அரைத் தம்ளர் குடித்துவிட்டு மீதியைப் பிடரியில் ஊற்றிக்கொள்வாய். முதுகு வலிக்கு ஒரு மாத்திரை, பிறகு இரண்டு. அதை வெறும் வாயில் விழுங்குவாய், தண்ணீரோடு நான் பக்கத்தில் நிற்கும்போதே. காலையில் உன் கண்ணிமை இரண்டும் ஊதியிருக்கும். படித்ததால் என்பாய். ஆகஸ்ட் கடைசியில் உன் கால் ஷூவுக்குள் போகவில்லை. கயிற்றை உருவிவிட்டுச் செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தாய். மாப்பிள்ளை நடக்கிறார், வழி விடுங்கள் என்றான் குமரேசன். எல்லாரும் சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன்.

கேட்டது இது. கட்டுரை முடிந்து, நல்ல மார்க் வந்து, லீவில் ஊருக்குப் போனாய். பன்னிரண்டாம் நாள் உன் அண்ணன் குமரேசனின் போனுக்குக் கூப்பிட்டு, நீ இறந்துவிட்டாய் என்றார். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்களாம். ரூமில் அன்று யாரும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. விதி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போகும்போது உன் நோட்டை என்னிடம் கொடுத்திருந்தாய். என் கையெழுத்துதான் உங்களுக்குப் பழக்கம், படித்துப் பழகுங்கள் என்று சொன்னாய். தினம் ஐந்தாறு வரி படித்தேன். எனக்கு அது தித்திப்பாக இருந்தது, தம்பி. என் பேச்சை நீ அப்படியே எழுதியிருந்தாய். "மூன்றாம் ஆள் சொன்னது: தண்ணி ஊத்துறவன் தண்ணி குடிச்சா வேலை நடக்காது." என் வாயிலிருந்து வந்தது தாளில் கிடந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

பிறகு கட்டம் போட்ட பக்கம் வந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், பக்கத்தில் தினம் தினம் மூடிகள். என் வரியைத் தேடிப் பிடித்து மகிழ்ந்தேன். அப்புறம்தான் ஏழாம் வரியைப் பார்த்தேன். அதன் மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு அடித்திருந்தாய். கோட்டுக்கு அடியில் எண்கள் தெரிந்தன. முதலில் நாலு, மூன்று. அப்புறம் இரண்டு, இரண்டு, ஒன்று. கடைசி வாரத்தில் ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

இந்த ஆள் யார்? இங்கேதான் நம்மோடு படுத்து எழுகிறான், உனக்கு வந்ததே தனக்கும் வருகிறது என்று அவனுக்கே தெரியாது என நினைத்தேன். குமரேசனாகத்தான் இருக்கும் என்று பட்டது. போய்க் கேட்டேன். அவன் நாலு என்றான். ரகசியத்தைக் கேட்கிறேனே என்று கூச்சமாக இருந்தாலும் விடவில்லை. ஓய்வு நேரத்தில் கூடாரத்துக்குள் ஒவ்வொருவனாகப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. யாராவது ஏழு என்று சொல்லிவிடுவானோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே கேட்டேன். ஒருவன் கம்பெனி மாறி குவைத்துக்குப் போய் அப்பாசியாவில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். அவன் ஆறு. கடைசியாகக் கேம்ப் சமையல் பக்கம் மாறிப் போனவனைத் தேடிப் போனேன். அவன் ஒன்பது என்றான். கேட்க வேறு ஆள் இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு நீ குறைகள் என்று தலைப்பு வைத்திருந்தாய். கட்டுரையால் செய்ய முடியாமல் போனதை ஒளிக்காமல் எழுதும் பக்கம் அது, எனக்குப் பிடித்த பக்கம் அதுதான் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அதைப் படிக்க எனக்கு ஒரு ஓய்வு நேரம் முழுக்க ஆனது.

"ஏழாம் ஆள் ஆராய்ச்சி செய்தவரே. கேட்பவரே தன்னைச் சேர்த்துக்கொண்டால் முடிவை நம்ப முடியாது என்று ஆசிரியை சொன்னார். அது நியாயம். ஏழாம் வரியை நீக்கிவிட்டேன்."

இவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இருந்தது தாள். உன் கால் இல்லை. விதியும் சரியான விதிதான், எனக்கே புரிகிறது. கோடு அடிக்கும்போது அந்த எண்களை நீ படித்தாயா, படித்து என்ன நினைத்தாய், அது எனக்குத் தெரியாது. பல நாள் யோசித்தேன். இந்தப் பக்கத்துக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. வெற்றாகவே விடுகிறேன்.

என்னிடம் ஆதாரம் உள்ளது ஒன்று. நான் பார்த்தேன். இமையைப் பார்த்தேன், ஷூவைப் பார்த்தேன், பிடரியில் ஊற்றிய தண்ணீரைப் பார்த்தேன். எத்தனை தடவை போனாய் தம்பி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நீ கேட்கிறவன், நாங்கள் பதில் சொல்கிறவர்கள் என்று இருந்துவிட்டோம். எட்டுப் பேர் பையிலிருந்து மூடி கொட்டினோமே, உன் பையை ஒருவனாவது பார்த்தோமா?

இந்தக் கோடை தொடங்கியதும் நான் கேட்கத் தொடங்கினேன். எண் இல்லை, நோட்டு இல்லை. ஓய்வுக்கு வருகிற ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கிறேன். எல்லாரையும் கேட்டு முடித்ததும் யாராவது ஒருவன் என்னைக் கேட்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டேன். இது உனக்குச் செய்யாமல் விட்டது. இரண்டும் என்னோடு இருக்கின்றன.

இந்தப் பழக்கத்தை குமரேசன் முதலில் கேலி செய்தான். இப்போது அவன்தான் என்னைக் கேட்கும் ஆள். நேற்று கேட்டான்.

"பெரியவரே, இன்னிக்கு எத்தன?"

"அஞ்சு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. காலையிலிருந்து ஃபோர்மேன் இரண்டு பக்கமும் தண்ணீர் கேட்டு விரட்டினான், எனக்கு நின்று குடிக்க நேரமில்லை. குமரேசன் போகவில்லை. கேலியும் செய்யவில்லை. என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். என் இமையைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"காலைல ஒண்ணு. அதுவும் கறுப்பா" என்றேன். "நேத்தும் அப்படித்தான்."

அவன் எழுந்தான். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. கூடாரத்துத் துணியை விலக்கிக்கொண்டு நேராக ஃபோர்மேன் இருக்கும் கேபினைப் பார்த்து நடந்தான். ஃபோர்மேன் என்ன சொல்வான், எனக்கு இந்த வேலை இருக்குமா என்று பயம் வந்தது. கூப்பிட்டுத் திருப்பியிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.