நாலாவது மாடி ஹோஸ் பெட்டி

செவ்வாய், ராத்திரி

எங்க பிளாட்டுல நெருப்பணைக்கிற ஹோஸை எவனோ திருடி ரொம்ப வருஷமாச்சு. நாலாவது மாடியில காலியா கிடந்த பெட்டிக்குள்ள, பக்கத்து வீட்டு சரசு அக்கா முருகன் படம் வெச்சு தினமும் விளக்கு ஏத்துவாங்க. இன்னைக்குப் புது ஹோஸ் மாட்டுற நாள். பிளாட் கமிட்டியில நானும் இருக்கறதால படத்தை எடுக்கச் சொல்றது என் தலையில விழுந்துச்சு. காலையில சொன்னேன். அக்கா எடுத்துட்டுப் போனாங்க.

கான்டிராக்டர் ஹோஸை மாட்டினாரு. திறந்து காட்டச் சொன்னேன். கொஞ்சம் காத்து வந்துச்சு. தண்ணி வரல.

"கீழ பம்ப் செத்துப் போச்சு. அது வேற ஆளு வேலை லா," அப்படின்னு சொல்லிட்டு கிள்ளான் டவுன்ல அடுத்த வேலைக்குக் கிளம்பிட்டாரு. எனக்குக் கோபம்கூட வரல.

சாயந்திரம் அக்கா கேட்டாங்க, "தண்ணி வந்துச்சாம்மா?"

"இல்லக்கா."

அக்கா உள்ள போய்ப் படத்தைக் கொண்டுவந்து, புது ஹோஸ் மேலயே சாய்ச்சு வெச்சு விளக்கு ஏத்தினாங்க. வேணாம்னு நான் சொல்லியிருக்கணும். நான் வேதக்காரி வேற, சர்ச்சுக்குப் போறவ. விளக்கு காத்துல அணையாம இருக்க ரெண்டு கையாலயும் மறைச்சுக்கிட்டு நின்னேன்.