எந்த வாசலில் காவல்

நேற்றுப் போட்டிருந்த சட்டையை இன்று காலை துவைக்க எடுத்தபோது முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடை. பதினெட்டு வருஷமாகப் பெட்ரோல் பங்க்கில் மேனேஜராக இருக்கிறவன் சட்டையில் வேறென்ன வாடை வரும் என்று நீ சிரிப்பாய். சிரிக்காதே. நேற்று நம் அச்சரப்பாக்கம் பங்க்கில் ஒரு மனிதர் மண்டை உடைந்து விழுந்தார். நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். உன் மனைவி கலாவின் நீலச் சீருடை முழுக்க ரத்தம். என் சட்டையில் டீசல் மட்டும். அதனால்தான் போய்ச் சேர்ந்தவனுக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கலாவுக்குப் பங்க்கில் என்ன வேலை என்று கேட்பாய். சொல்கிறேன், அவசரப்படாதே. உனக்குத்தான் எப்போதுமே அவசரம் கிடையாதே.

நான் இந்த வேலையில் சேர்ந்த வருஷம்தான் நீ குவைத்திலிருந்து ஒரே ஒரு பையோடு ஓடி வந்தாய். வந்த கையோடு எங்கள் முதலாளியின் டேங்கர் லாரியை ஓட்ட ஆரம்பித்தாய். டேங்கர் வந்து நின்றதும் மூடியைத் திறக்கக் கூடாது. குலுங்கி வந்த எண்ணெய் அடங்கக் கொஞ்ச நேரம் விட்டு, பிறகுதான் பித்தளை ராடை உள்ளே விட்டு அளக்க வேண்டும். எண்ணெய் அடங்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நம் சிநேகம் முழுவதும். ஆளுக்கொரு டீ. நீ பேசுவாய், நான் கேட்பேன். நடுநடுவே நான் கடியாரத்தைப் பார்ப்பேன், நீ என்னைத் திட்டுவாய்.

குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் புகுந்த அன்றைய கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய். “காலைல வண்டிய எடுத்துகினு கெளம்பறேன் அண்ணாத்த, ரோட்ட மறிச்சிகினு மிலிட்டரி நிக்குது. பாஸ்போர்ட் கேப்பான்னு பையில கைய வுட்டுகினு கீறேன். அவன் அத்த கேக்கவே இல்ல. டேங்கர தட்டிக் காட்டி, உள்ள இன்னா லோடுன்னு கேக்கறான். டீசல்னேன். சாவிய புடுங்கிகினு போன்னு கைய காட்டிட்டான். நான் யாரு, எந்த ஊரு, ஒண்ணும் வேணாம் அவனுக்கு.”

பாலைவனம் வழியாக ஜோர்டானுக்குப் போய், கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்ததை எல்லாம் இரண்டே வரியில் முடித்துவிடுவாய். அந்த ஒரு கேள்வியை மட்டும் விடமாட்டாய். உள்ளே என்ன லோடு.

இன்னொரு நாளும் ஞாபகத்துக்கு வருகிறது. முதலாளிக்கு மகாபலிபுரம் பக்கம் இன்னொரு பங்க் இருந்ததே, அங்கே பாதி இறக்கிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. பூஞ்சேரி கூட்டு ரோட்டில் அச்சு முறிந்து ஒரு டேங்கர் சாய்ந்து நின்றது. நம் வண்டிகூட இல்லை, எவனோ ஒருவனுடையது. நீ ஓரங்கட்டிவிட்டாய். செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் வந்து சேரும்வரை அந்த டிரைவரோடு மழையில் நின்றாய். எனக்கு எரிச்சலான எரிச்சல். இங்கே பங்க் காலியாகி, ஜி.எஸ்.டி. ரோட்டில் போன லாரிக்காரன் எல்லாம் என் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்:

“எண்ண வண்டி வழியில நின்னா, பின்னால வர எண்ண வண்டி நிக்கணும் அண்ணாத்த. வேற எவன் கிட்ட வருவான்? வாயில பீடிய வெச்சிகினு வேடிக்க பாக்கத்தான் வருவான்.”

உன்னோடு டேங்கர் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் அது பழக்கம்தான். உனக்கு அது பழக்கத்துக்கும் மேலே. சாப்பாட்டை விட்டாலும் அதை விடமாட்டாய்.

இரண்டாயிரத்து மூன்றில் மறுபடியும் அந்தப் பக்கம் போர் வரப் போகிறது என்று டிவி முழுக்க அதே பேச்சு. நான் பேப்பர் படிக்கிறவன் என்ற திமிரில் உனக்கு விளக்கம் சொன்னேன். அந்த நாட்டில் பயங்கர ஆயுதம் ஒளித்து வைத்திருக்கிறார்களாம், அதைப் பிடுங்கத்தான் படை போகிறதாம் என்றேன். நீ டீயை உறிஞ்சிவிட்டு, “தெனிக்கும் பேப்பர் படிச்சிகினு கீற, உனக்கு இன்னா தெரியும்” என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எண்ணெய்க்காகப் போய் எவனாவது ஊரைக் கொளுத்துவானா, கூறு கெட்டவனே என்றேன்.

“சண்ட போட வேணாம். அந்த ஊரு வியறன்னிக்கி எந்த வாசல்ல மொதல்ல காவல் போட்றான்னு மட்டும் பாரு.”

ஊர் விழுந்தது. அந்த வாரம் பேப்பரைப் பிரித்தேன். ஆஸ்பத்திரிக்குள் புகுந்து கட்டிலையும் மருந்தையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தடுக்க ஆளில்லை. ஆயிரக்கணக்கான வருஷத்துப் பொருள்கள் இருந்த அருங்காட்சியகம் சூறை போகிறது, தடுக்க ஆளில்லை. எண்ணெய் அமைச்சகத்தின் வாசலில் மட்டும் டாங்கி நிற்கிறது, துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிற்கிறார்கள். ஒரு போருக்கு ஒரே காரணம்தான் என்று சொல்லும் அளவுக்கு நான் படித்தவனில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த பிறகு, அதற்கு முன்னால் படித்த எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

அன்று மத்தியானம் நீ லோடோடு வந்ததும் உனக்கு வாசித்துக் காட்டினேன். ஜெயித்துவிட்டதாகக் குதிப்பாய் என்று நினைத்தேன். உன் முகம் செத்துப்போயிற்று. “ஆஸ்பத்திரில ஒத்தன் கூடவா நிக்கல?” என்றாய். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டாய். எண்ணெய் அடங்கி வெகு நேரமாகியும் நாம் இரண்டு பேரும் மூடியைத் திறக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நீ அடுத்த வருஷம் அங்கேயே கிளம்பினாய். நான் இடிந்துபோனேன். “அறிவிருக்கா உனக்கு? நீதானே சொன்ன?” என்று கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய். “நான்தான் சொன்னேன். எண்ண எங்க கீதோ அங்கதான் டேங்கர் டிரைவருக்கு சம்பளமும் கீது. மூணு வருசம் அண்ணாத்த, சொந்த வண்டி வாங்கிடுவேன். கலா கையில குவைத்துன்னு மட்டும் சொல்லிக்கீறேன். நீ வாய தொறக்காத.”

நான் வாயைத் திறக்கவில்லை.

பங்க் போனுக்கு இரண்டே முறை கூப்பிட்டாய். முதல் முறை சிரித்தாய். “கேட்டியா கூத்த! குவைத்துல இருந்து டீசல் ரொப்பிகினு எண்ண ஊருக்குள்ள கொண்டு போறோம். பூமிக்கு அடியில கடலாட்டம் எண்ண வெச்சிகினு ஜனங்க காலி கேனோட ரோட்ல நிக்குது.” இரண்டாம் முறை சிரிக்கவில்லை. வண்டிகள் வரிசையாகப் போகும், முன்னும் பின்னும் ராணுவம், யாருக்காகவும் நிற்கக் கூடாது, எந்த வண்டியாவது படுத்துவிட்டால் டிரைவரை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கொளுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள் என்றாய். “ஆள ஏத்திக்க மறந்துட்டாலும் கொளுத்த மறக்கறதில்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

மூன்றாவதாக வந்த போனில் பேசியது நீயில்லை. பாலக்காட்டுக்காரர் ஒருவர், அவரும் டேங்கர் டிரைவர். அவருடைய வண்டி வழியில் படுத்துவிட்டதாம். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போயின, காவலுக்கு வந்த ராணுவ வண்டியும் போயிற்று, உன் வண்டி ஒன்றுதான் ஓரங்கட்டியது. நீ இறங்கி அவரிடம் ஓடி வரும்போதே எங்கிருந்தோ சுட்டார்கள். உன் சட்டைப் பையில் இருந்த இந்த பங்க் நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார். “அவர் எதற்கு நின்னார் சேட்டா? யாரும் நிற்கமாட்டார்களே” என்று அழுதார். எனக்குத் தெரியும். பூஞ்சேரியில் பார்த்தவன் நான்.

கலா என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “அவுரு எங்க போறாருன்னு உனக்குத் தெரியுமாண்ணா?” தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாதது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஆறு மாதம் கழித்து வந்து வேலை கேட்டாள். டீசல் பம்ப்பில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் நல்லபடியாகத்தான் போயிற்று. எண்ணெய் அடங்கும் நேரத்தில் இப்போது அவளுக்கும் எனக்கும் டீ வரும். நீ சொன்ன அந்த வாசல் கதையை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இனி நேற்று.

ஒரு வாரமாக டீசல் தட்டுப்பாடு. ரோடு வரைக்கும் வரிசை. மறைமலைநகர் கம்பெனி பஸ், லாரி, கையில் கேனோடு பம்ப்செட்டுக்காரர்கள். முதலாளி போன் செய்து, கடைசியில் மிஞ்சுவதை நம் லாரிகளுக்கு வைத்துவிடு என்றார். தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் ராடை விட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் இருந்தது. ராடும் கையுமாக வரிசைக்கு முன்னால் வந்து ஸ்டாக் இல்லை என்றேன். வரிசையில் முதலில் நின்றவர் ஒரு விவசாயி, கருகிற பயிருக்குத் தண்ணீர் இறைக்க டீசல் வாங்க வந்தவர். என் கையைப் பார்த்தார். “ராடு நனைஞ்சிகினு கீதே சார். இல்லன்றியே” என்றார்.

அவ்வளவுதான். பின்னாலிருந்து தள்ளினார்கள். அவர் சிமெண்ட் மேடையின் விளிம்பில் தலை அடிபட விழுந்தார். அதே நேரத்தில் எவனோ தொட்டி மூடியில் கை வைத்தான். நான் ஓடினேன். எங்கே ஓடினேன் தெரியுமா? மூடிக்கு. இரண்டு காலையும் அதன்மேல் ஊன்றி நின்றுகொண்டேன். கலா கீழே உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்துத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். “அவர வுடு! பம்ப்ப பூட்டு!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை.

“நீயும் அந்த வாசல்லதான் நிக்கறியாண்ணா?”

அவரை ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏற்றி மதுராந்தகம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கலாவும் அந்த பஸ் டிரைவரும். நான் இங்கே வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூடி திறந்திருந்தால் தீப்பிடித்து ஊரே போயிருக்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முதலாளி போனில், நல்லவேளை டீசலைக் காப்பாற்றினாய் என்று பாராட்டினார். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. படுக்கும்போது நான் ஊரைக் காப்பாற்றியவன். அன்றைக்கு டிவியில் காரணம் சொன்னவர்களுக்கும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ. காலையில் சட்டையை முகர்ந்ததும்தான் சாயம் வெளுத்தது. தீயைப் பற்றி நான் நினைக்கவே இல்லையடா. அந்த ஒரு சாண் டீசலைத்தான் நினைத்தேன்.

பங்க்குக்கு வந்து ராடை விட்டேன். நேற்றைய அதே அளவு. ஒரு சொட்டுக் குறையவில்லை. அந்த விவசாயி விட்டுப்போன கேன் பம்ப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நிரப்பிவிட்டேன். முதலாளி கேட்டால் கேட்கட்டும்.

அவருக்கு ஏழு தையல் போட்டிருக்கிறார்களாம், உயிருக்கு ஒன்றுமில்லை. கலா அவர் பக்கத்தில்தான் இருக்கிறாள். சட்டையைத் துவைக்கவில்லை, அதையே போட்டிருக்கிறேன். இந்தக் கேனை எடுத்துக்கொண்டு இப்போது மதுராந்தகம் போகிறேன். உன்னைப் பற்றிக் கேட்டபோது அவளிடம் தெரியாது என்றேன். நேற்று அவள் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. இன்றைக்கு அவள் கேட்காவிட்டாலும் இரண்டுக்கும் பதில் சொல்லப்போகிறேன். அவன் எங்கே போகிறான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆமாம், நேற்று நான் அந்த வாசலில்தான் நின்றேன்.