பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று

லிங்கராஜபுரம், பெங்களூர்.
ஆகஸ்ட் 1999, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஷீபா அப்பாவுக்கு,

கர்த்தர் தயவில் நானும் ஷீபாவும் உடம்புக்குச் சுகம். நீங்கள் தங்கவயலில் அண்ணன் வீட்டில் இருக்கிறீர்கள் என்று அண்ணி பக்கத்து வீட்டுக்கு போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் உங்கள் கம்பெனி நோயல் ஏரிக்கரைப் பக்கமெல்லாம் போய்த் தேடிவிட்டு வந்தார். ஏன் ஏரிக்கரை என்று நான் கேட்கவில்லை.

போனில் பேச மாட்டேன் என்றீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். படிக்காமல் மடித்து வைத்துவிட வேண்டாம்.

உத்தமனுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. கண்ணை எடுக்கவில்லை. உள்ளே போன ஈயத் துணுக்கை எடுத்துவிட்டார்கள். பார்வை எவ்வளவு வரும் என்பது கட்டு அவிழ்த்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குத் துப்பாக்கி சுட்டுப் பார்க்கிற ரேஞ்சில் என்ன நடந்தது என்று நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. சட்டையில் ரத்தத்தைப் பார்த்துப் பதறினேன். “என்னோடது இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தீர்கள். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, தினமும் பீன்யா கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற மாதிரியேதான் போனீர்கள். நானும் வாசலில் நின்று கையாட்டினேன்.

நடந்ததையெல்லாம் நோயல்தான் சொன்னார். போலீஸ் பயிற்சிக்காக நீங்கள் செய்த கார்பைன் துப்பாக்கியைப் பார்க்க அதிகாரிகள் வந்திருந்தார்களாம். முதல் ஐந்தாறு குண்டுகளே காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடாமல், பக்கவாட்டில் போய்க் கிழித்தனவாம். அதற்கடுத்த ஒன்று இலக்கைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பட்டுச் சிதறி, ஓரமாக நின்றிருந்த ஹெல்பர் உத்தமன் கண்ணில் தெறித்ததாம். நீங்கள் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்களாம். ஜீப் வந்ததும் எல்லோரும் ஏறினார்களாம், நீங்கள் மட்டும் ஏறவில்லையாம்.

அந்தத் துப்பாக்கிக் குழலைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். குண்டு பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே போனால்தான் நேராகப் போகும், அதற்காகக் குழலுக்குள் முறுக்கி முறுக்கி வரி வெட்டுவார்கள் என்று. பழைய வரைபடத்தில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. பயிற்சிக்கு வார்த்து எடுக்கிற ஈயக் குண்டு மெத்தென்று இருக்கும், அவ்வளவு நெருக்கமான முறுக்கைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும் என்று நீங்கள்தான் வாதாடிப் பதினாறு அங்குலத்துக்கு மாற்ற வைத்தீர்கள். கம்பெனியில் ஒத்துக்கொண்ட அன்று ஷீபாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தீர்கள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். போன வாரம் பழைய குழலையும் புதிய குழலையும் ஸ்டாண்டில் பூட்டிச் சுட்டுப் பார்த்தார்களாம். இரண்டிலுமே குண்டு பக்கவாட்டில்தான் போனதாம். பிறகு குண்டை அளந்திருக்கிறார்கள். குழலின் உள்ளளவை விடக் குண்டு ஒல்லியாம். வரியைக் கவ்வாமல் லொடலொடவென்று போயிருக்கிறது. கொஞ்சம் பருமனாக வார்த்துச் சுட்டபோது இரண்டு குழலும் நேராகச் சுட்டனவாம். பழையதும்தான். “பெர்னார்ட் ட்விஸ்ட்டு ட்விஸ்ட்டுனு அதையே யோசிச்சிட்டு இருந்தாரு, சிஸ்டர். புல்லட்டை அளந்து பார்க்காமலே ஓகேன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு” என்றார் நோயல். இதையே விசாரணையிலும் சொல்லிவிட்டாராம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக, தவறு உங்களுடையதுதான். அப்படி இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் உங்களைக் கேட்டார். கம்பெனி வேலையாகப் பூனா போயிருக்கிறார் என்றேன். “பயணத்துக்காக ஜெபிப்போம்” என்று அங்கேயே கண்ணை மூடிவிட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. வெளியே வரும்போது ஷீபா என் கையைப் பிடிக்காமல் முன்னால் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து, “அப்பா ஓடிப் போயிட்டாருன்னு எனக்குத் தெரியும். பொய் சொல்றதுன்னா ரெண்டு பேரும் ஒரே பொய்யா சொல்லலாம், நான் ஸ்கூல்ல மைசூர்னு சொல்லிட்டேன்” என்றாள். அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நேற்று நீலசந்திராவில் உத்தமன் வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன். அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவே கூசியது. உத்தமன் பெண்சாதி வனஜா குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் அவ்வளவு பேர் முன்னால் கேட்டாள்:

“கம்பெனியில இருந்து எல்லாரும் வந்தாங்க. செக்யூரிட்டிகூட வந்து பாத்துட்டுப் போனாரு. துப்பாக்கிக்கு டிசைன் போட்ட உங்க வூட்டுக்காரரு எங்கம்மா?”

அவர்களிடமும் பூனா என்று சொல்ல வாய் திறந்தேன். முடியவில்லை. “வெக்கத்துல எங்கேயோ போயிட்டாரும்மா” என்றேன். எத்தனையோ நாளாக யாரிடமும் சொல்லாததைக் குழாயடியில் சொன்னேன். “வெக்கப்பட்டா எங்களுக்கு என்ன ஆவும்? வந்து நிக்க வேணாவா?” என்றாள் வனஜா. பிறகு குடத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

உத்தமன் இரண்டு கண்ணிலும் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டு, “யாரு, பெர்னார்ட் சார் வீட்டு அம்மாவா?” என்று எழுந்திருக்கப் பார்த்தார். சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டது தன் தப்பு என்றார். “நீ சும்மா இரு” என்று வனஜா அதட்டினாள். எனக்கும் அவள் அதட்டியதுதான் நியாயமாகப் பட்டது. பிறகு, “சாரு அன்னிக்கு என்னைப் பிடிச்சிட்டு அழுதாரும்மா. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல. நல்லா இருக்காரா?” என்று கேட்டார். நல்லா இருக்கிறார் என்றேன். அதுவும் பொய்தானே? அண்ணி சொன்னார்கள், நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், முகம்கூட மழிப்பதில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை கண் ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்க்கிறார்கள். வனஜா என்னை வரச் சொன்னாள். கிளம்பும்போது, “அவரையும் கூட்டிட்டு வாங்க” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

கம்பெனியில் விசாரணைக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். வேலை போனாலும் போகலாம் என்றுதான் நோயல் நினைக்கிறார். அதை நாம் பிறகு பார்த்துக்கொள்வோம். நான் தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்கால ரயிலுக்கு ஈஸ்ட் ஸ்டேஷனில் வந்து நிற்பேன். ஷீபாவைக் கூட்டி வர மாட்டேன். உங்களுக்கு முதலில் என் முகத்தைப் பார்த்தால் போதும். என்னிடம் எதுவும் பேச வேண்டாம், நானும் எதுவும் கேட்க மாட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் நீங்கள் உத்தமன் பக்கத்தில் நில்லுங்கள், நான் வனஜா பக்கத்தில் நிற்கிறேன். அவர் கண் திறந்து பார்த்தாலும் சரி, பார்க்க முடியாமல் போனாலும் சரி, நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று இருக்கட்டும்.

கர்த்தர் உங்களைக் கைப்பிடித்து ரயிலில் ஏற்றிவிடட்டும். ஏறிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வழி பார்த்திருக்கும்,
அன்னம்மாள்