ஐந்தாவது மேற்கோள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரியில் பாதிதான் உண்மை, நான் நலம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்ததுமே "இந்த ஒரு கட்டுரைய முடிச்சிட்டு வந்துடுறேன்ப்பா" என்கிறாய், அதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. காகிதம் என்றால் குறுக்கே பேசாது பார்.

அம்மா வர வரச் சாப்பிடுவதே இல்லை. மறதி முற்றிவிட்டது, கரண்டியைக் கையில் கொடுத்தால் இது எதற்கு என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். முதியோர் இல்லம் முதியோர் இல்லமாக அலைந்து நீ கட்டுரை எழுதினாயே, மறதி நோயாளிக்கு ஊட்டிவிடாதே, எதிரில் உட்கார்ந்து அதே சாப்பாட்டை நீயும் சாப்பிடு, உன்னைப் பார்த்து அவர்கள் கை தானாக வாய்க்குப் போகும் என்று, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நீ சொன்ன மாதிரியே தட்டைச் சாப்பிடும் முன் ஒரு தரம் சமையலறைத் தராசில் எடை பார்த்து, பின் மிச்சத்தோடு ஒரு தரம் எடை பார்த்து, அவளோடு சரிக்குச் சரி உட்கார்ந்தேன். முதலில் பலித்தது, போனில் நாம் இரண்டு பேரும் கூத்தாடினோமே, ஞாபகம் இருக்கும். இப்போது வைத்த தட்டும் எடுத்த தட்டும் ஒரே எடை. அவளுக்குப் பசிக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம் நானும் சேர்ந்து சாப்பிடுவதால் என் இடுப்புதான் பெருத்துக்கொண்டு போகிறது. தையல்காரர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு "என்ன சார், வீட்ல தினமும் விருந்தா?" என்றார், ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆயுசு முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான், ஏறுகிற எண்ணைத்தான் எனக்குக் குறிக்கத் தெரியும். அம்மாவின் எடை இறங்கிக்கொண்டே இருக்கிறது, உன் எண்ணோ ஏறவே மாட்டேன் என்கிறது.

அந்த மேற்கோள் கணக்கைத்தான் சொல்கிறேன். உன் கட்டுரையை மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் உன் வேலையை நீட்டிப்பார்கள் என்றாய், மொத்தமே நாலு, அதில் மூன்று நீயே உன்னைச் சொல்லிக்கொண்டது, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்ப்பா என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் கடைக்காரர் கம்ப்யூட்டரில் உன் கட்டுரையைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, மறுபடியும் திறக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு "இதென்ன சினிமா பாட்டா சார், பாக்கப் பாக்க ஏறுறதுக்கு? வேற யாராவது அவங்க எழுதுறதுல இதச் சொல்லணும்" என்றார். அவ்வளவுதானே என்று நம் குடியிருப்புச் சங்கச் சுற்றறிக்கையில், தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்குக் கீழே, கட்டுரைத் தலைப்பு, உன் பெயர், பத்திரிகை, வருடம், பக்க எண் எல்லாம் ஒன்று விடாமல் போட்டு வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் செருகினேன். என் செயலாளர் பதவியால் இதற்காவது ஒரு பயன் இருக்கட்டுமே. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து "தொட்டி கழுவுறதுக்கும் உங்க பொண்ணுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார், அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. எண் மட்டும் அசையவில்லை.

போன வாரம் பால் வாங்கப் போனபோது ஜெராக்ஸ் கடைக்காரர் ரோட்டுக்கே ஓடி வந்து "சார், அஞ்சாயிடுச்சு!" என்று கத்தினார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்தப் புதுக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, உன் பெயர் வரும் இடத்தைத் தேடிப் பிடித்து உரக்கப் படித்தேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியுமே, வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். நோயின் தொடக்கத்தில் இந்த முறை உதவுகிறது, முற்றிய பிறகு உதவவில்லை, எடை குறைவதை நிறுத்தவுமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பாதியில் புரிந்து நிறுத்திவிட்டேன். அம்மா என் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், நீ பரிசு வாங்கிய செய்தியைப் படிக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு வந்த கோபத்துக்கு எழுதினவர்களை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகு சமையலறைத் தராசைப் பார்த்தேன். அவர்கள் எழுதியது சரிதான் மகளே. நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன், சொல்லிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. டாக்டரும் இனி வற்புறுத்தாதீர்கள், கேட்டதை மட்டும் கொடுங்கள் என்றார். அவள் எதையும் கேட்பதில்லை.

மறுத்து எழுதினாலும் ஒன்று ஒன்றுதானாம், கடைக்காரர் சொல்கிறார். அதனால் அந்த ஐந்தாவதையும் உன் வேலையை நீட்டிக்கிற குழுவிடம் காட்டு. அது போதாது என்று எனக்கும் தெரியும், போதுமான அளவு வருவதற்குள் இங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆகவே வந்துவிடு. நீ வந்தால் சாப்பிடுவாள் என்று பொய் சொல்லி உன்னை வரவழைக்க மாட்டேன், உன்னை அடையாளம் தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, என்னையே சில வேளை மீட்டர் பார்க்க வந்த ஆள் என்று நினைத்து வாசலைக் காட்டுகிறாள், அதுவும் ஒரு வகையில் சரிதானே. வேலை போய்விடுமே என்று நீ பயப்படுவது எனக்குப் புரியாமலில்லை. நீ இங்கே இருந்தாலும் போகும், அங்கே இருந்தாலும் போகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பெற்றவன் இப்படிச் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்.

ராத்திரி நின்றபடியே ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே, ஊருக்கெல்லாம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறவள் நீ. தனியாக அழாதே, அழுகை வந்தால் எனக்குப் போன் பண்ணி அழு. எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு உண்டு, அம்மாவின் பங்கையும் நானே சேர்த்து எழுதுகிறேன். டிக்கெட் எடுத்ததும் மறக்காமல் சொல்லு. பயனில்லை என்று படித்த பிறகும் இன்றைக்கும் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். நான் சாப்பிட்டேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசை மட்டும் துடைத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

உன்னை எதிர்பார்க்கும்,
அப்பா