ஏழாம் பக்கம்

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று போட இன்று கை வரவில்லை.

ஞாயிறுதோறும் முதியோர் இல்லத்திலிருந்து உனக்கு வரும் புகைப்படத்தை, "பாரு, அப்பா ராஜா மாதிரி இருக்காரு" என்று எனக்கு அனுப்புவாயே, அதில் எப்போதும் அவருக்கு முழுக்கைச் சட்டை எதற்கு என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

செவ்வாய்க்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அப்பாவின் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. முதுகெல்லாம் புண். சாப்பாட்டுத் தட்டு எட்டாத மேஜையில் ஈ மொய்த்துக் கிடந்தது. கட்டை அவிழ்த்தேன். அவர் கையை எடுக்கவே இல்லை.

"வேணாம்மா, திட்டுவாங்க" என்றார்.

நர்ஸிடம் கத்தினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "என்கிட்ட ஏம்மா கத்துறீங்க? கையைக் கட்டி வைக்கலாம்னு உங்க அண்ணன்தானே எழுதிக் குடுத்தாரு" என்று சேர்க்கை ஃபைலை என் முன்னால் போட்டாள். ஏழாம் பக்கத்தில் உன் கையெழுத்து. "இதையெல்லாம் யாரு படிக்கிறது?" என்று கார் சாவியை ஆட்டிக்கொண்டே அன்று நீ போட்டது.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். காயங்களைப் படம் எடுத்து, ஏழாம் பக்கத்தின் நகலையும் இணைத்துப் புகார் கொடுத்தாகிவிட்டது. விசாரணை அதிகாரி உன்னைக் கூப்பிடுவார். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று அவரிடமும் சொல்லிப் பார், உன் சாமர்த்தியத்தைப் பார்க்கிறேன்.

என்னையும்தான் கூப்பிடுவார். அந்தப் பக்கத்தில் இருப்பது உன் கையெழுத்து மட்டுமில்லை.

இப்படிக்கு,
உனக்குக் கீழே, படிக்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்ட தங்கை