சனி படத்துக்கு முன்னால் உன் மகளை விட்டுவந்தேன்

எதற்குமே என்னைத் திட்டத் தெரியாத என் அக்கா வசந்திக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கயல் நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது எனக்கு எதிரில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து தோசை தின்கிறாள். நீ பதறிவிடுவாய் என்றுதான் முடிவை முதலிலேயே எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தடவை நானும் தலையைத் தூக்கி அவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறேன்.

நம் இருவரில் பயந்தாங்கொள்ளி நீதானே? பல்லிக்குக் கத்துவாய், நான் துடைப்பத்தோடு ஓடி வருவேன். இப்போது வந்து என்னைப் பார்க்க வேண்டும் நீ. கயல் இரண்டு தடவை இருமினால் தெர்மாமீட்டரைத் தேடுகிறேன். பள்ளிக்கூட வேன் ஐந்து நிமிஷம் பிந்தினால் தெருமுனைக்கு ஓடுகிறேன். கடையில் புடவை விரிக்கும்போதும் மனசு அங்கே இல்லை. போன வாரம் அரக்குக் கலர் கேட்ட ஒரு அம்மாவுக்கு மூன்று முறை பச்சையை எடுத்துப் போட்டேன். அவர் எழுந்து அடுத்த கடைக்கே போய்விட்டார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் நீ என் கையைப் பிடித்து, "வயிறு ரொம்ப வலிக்குதுடி, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாய். முகூர்த்த சீசன், கடை நிறைய கூட்டம். "காய்ச்சல்தானேக்கா, மாத்திரை போட்டுகினு படு, காலையில போலாம்" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போனேன். காலையில் உன் கை ஜில்லென்று இருந்தது. டெங்கு என்றார்கள். நேற்றே வந்திருக்கலாமே என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். உன்னைக் கட்டிய மாமா அப்போது பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் இன்று வரை சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் வேறு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மாமாவின் பெரியம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு மீன ராசி. ஏழரைச் சனி புடிச்சிருக்குது. அதான் பெத்தவள வாரிக்கினு பூட்டுது" என்றார். கயல் அவருக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தாள். நான் வாயைத் திறந்து மறுக்கவில்லை, அக்கா. அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. சனி மேல் பழி போனால் என் மேல் வராது அல்லவா? பதினோரு மாதமாக அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது ஊர்ச் செய்தி. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே பேச்சு சனியைப் பற்றித்தான். ஒரு பள்ளிக்கூடத்தில், விண்கலம் எடுத்த சனிக் கிரகத்தின் படங்களைப் பெரிது பெரிதாக ஃபிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தார்கள். அந்த விண்கலம் வருஷக்கணக்காக சனியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கடைசியில் அதற்குள்ளேயே விழுந்து எரிந்துவிட்டதாம். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அறிவியல் டீச்சர் செய்த ஏற்பாடு. யாரோ படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டு, "சனி பகவானின் நிஜத் தோற்றம்" என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். நம் ஜனங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

கயல் ஒரு வாரமாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நச்சரித்தாள். நான் முடியவே முடியாது என்றேன். ஏழரை போதாதென்று இப்போது அவளுக்கு ஜென்மச் சனி வேறு. நாமே தேடிப் போய் அவர் எதிரில் நிற்பதா? எதிர்வீட்டு சரசு அக்காதான் என் மனசைத் திருப்பினார். "சனிக்கிழமையா பாத்து கூட்டிகினு வா. கோயில்ல நிக்கற மாதிரி ஒதுங்கி நின்னு பாத்துட்டு வந்துடலாம். நல்லதுதான்" என்றார். கயல் ஆசையில் வந்தாள், நான் பயத்தில் போனேன்.

அந்தக் கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எள் விளக்கோடு ஒரு அம்மா. "ஐயோ, இது ஃபிளெக்ஸும்மா, பத்திக்கும்!" என்று டீச்சர் ஓடி வந்து அதை ஊதி அணைத்தார். எல்லோரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். சனீஸ்வரன் சந்நிதியில் நேருக்கு நேர் நிற்கக் கூடாது என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் இரண்டு பக்கச் சுவரோடும் ஜனம் நெருக்கியடித்து நிற்கிறது. நடுவில் பெரிய படத்துக்கு நேர் எதிரே தேர் போகிற அளவுக்கு இடம் காலி. டீச்சர் மைக்கில், "நேரா நின்னு பாருங்க, ஒண்ணும் ஆவாது" என்று கெஞ்சுகிறார். ஒருவரும் நகரவில்லை.

நானும் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். சந்தன நிறத்தில் ஒரு உருண்டை. அதைச் சுற்றிச் சாய்ந்தாற்போல வளையம். வளையம் என்றால் ஒன்றில்லை, அக்கா, எண்ண முடியாத கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல். இருபது வருஷம் பட்டுப் பார்த்த கண் இது. அப்படி ஒரு நெருக்கமான கோட்டை நான் எந்தப் புடவையிலும் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒருத்தி, "இந்தக் கலர்ல கெடைக்குமா?" என்று என்னைக் கேட்கவே செய்தாள், கடையில் என்னைப் பார்த்திருப்பாள் போல. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அழகாக இருந்ததே எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அப்போது பார்க்கிறேன், அந்தக் காலி இடத்தின் நடுவில், படத்துக்கு நேருக்கு நேராக உன் மகள் நிற்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து, முறைத்தபடி. பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

சரசு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "சரி வுடு. கெளம்பு. எல்லாத்தையும் இங்கியே வுட்டுட்டுப் போறோம்னு நெனச்சிகினு நட. திரும்பிப் பாக்காத. திரும்பிப் பாத்தா கூடவே வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போய்விட்டார். நானும் நடந்தேன்.

வாசல் நெரிசலில் கயலின் விரல்கள் என் கையிலிருந்து நழுவின. முந்தானையைப் பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து செருப்பைக் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டேன். கேட்டைத் தாண்டும்போது பின்னால் "சித்தி!" என்று ஒரு குரல் கேட்டது.

அவள் குரல்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. திரும்பினால் கூடவே வந்துவிடும் என்ற பயத்தில், முன்னால் பார்த்தபடியே, "வந்துகினே இரு, சித்தி போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பஸ் போகிற ரோடு வரைக்கும் போய்விட்டேன், அக்கா. அங்கே ரோட்டைத் தாண்ட அவள் கையைப் பிடிக்கலாம் என்று, திரும்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவினேன். யாரோ ஒரு ஆளின் வயிற்றில் கை பட்டது. "இன்னாம்மா இது!" என்றார் அவர். அப்போதுதான் பின்னால் குழந்தை இல்லை என்று புரிந்தது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. புரிந்த பிறகும் ஒரு நொடி நான் திரும்பவில்லை. திரும்பலாமா என்று யோசித்தேன். நீயாக இருந்தால் யோசித்திருப்பாயா?

அப்புறம் ஓடினேன். ஆட்டோ, பஸ், கோயிலுக்கு வந்த வெளியூர் வேன்கள், எதைப் பார்த்தாலும் அதன் சக்கரத்துக்கு அடியில் அவள் இருப்பதுபோலத் தோன்றியது. ஒரு ஆட்டோக்காரர், "யம்மா, பாத்து! உயிர வுட வந்தியா?" என்று கத்தினார். மஞ்சள் சுடிதார் போட்ட பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன், பாதி வார்த்தைதான் வெளியே வருகிறது. பள்ளி வாசலில் செருப்புக் குவியலில் அவளுடைய நீலச் செருப்பு அப்படியே கிடந்தது. செருப்பில்லாமல் எங்கே போயிருப்பாள்? யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்? கேட்டைப் பிடித்துக்கொண்டு, "வசந்தி, வசந்தி" என்று உன் பெயரைத்தான் கத்தினேன். கயல் பெயரை அல்ல. ஏன் அப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் உள்ளேதான் இருந்தாள். கடைசி மூலையில் யாரும் சீண்டாத ஒரு படத்தின் கீழே, தரையில், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் டீச்சர் பயந்து தண்ணீர் எடுத்து வரப் போனார்.

"எங்கடி போன? ஏன்டி கைய வுட்ட?"

"நான்தான் வுட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"அது கூடவே வந்துடும்னு சரசு பெரிம்மா சொன்னாங்க இல்ல? அது என்னையத்தானே புடிச்சிருக்குது. நான் வந்தா அதுவும் வரும். அம்மாவுக்கு ஆன மாதிரி உனக்கும் ஆயிடும்." கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "வுட்ட அப்புறம் பயமா ஆயிடுச்சி. ஒரே ஒரு தடவ கூப்ட்டேன். நீ திரும்பல. சரி, நீ நல்லா இருன்னு உக்காந்துகினேன்."

பதினோரு வயசுப் பெண், அக்கா. பதினோரு மாதமாக அம்மாவைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறாள். படத்தின் முன்னால் நின்று முறைத்தது அதற்குத்தான். நான் அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவளே அந்தப் படத்தைக் காட்டினாள். சனி இருட்டாக இருக்கிறது, வளையம் மட்டும் வெளிச்சமாக. அதற்குக் கீழே, உற்றுப் பார்த்தால்தான் தெரியும், ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. "இது நம்ம பூமியாம் சித்தி. அங்கருந்து பாத்தா இவ்ளோதானாம். நான் பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்போ அம்மா இதுல இருக்காங்க. நான் இன்னும் இல்ல." அந்தப் புள்ளியை விரலால் தொட்டு, "நான் வராமயே இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே சொன்னேன். "உன் ராசி இல்லடி. சனியும் இல்ல. நான்தான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு என் கையப் புடிச்சி கேட்டா. நான் காலையில போலாம்னு சொல்லிட்டு கடைக்குப் பூட்டேன். அன்னிக்கே போயிருக்கணும்."

அழுவாள், அடிப்பாள், எழுந்து ஓடிவிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் பயந்தபடி காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ நான் இல்லியா?"

"இல்லடி."

"நெஜமா நான் இல்லியா?"

"நெஜமா நீ இல்ல."

வீட்டுக்கு வரும் வழியில் ரோட்டைத் தாண்டும்போது மறுபடியும் ஒரு தடவை அதையே கேட்டாள். என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவேயில்லை. இரவு அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பித் தூங்கினாளா, சுவர்ப் பக்கமா என்று கேட்காதே. சுவர்ப் பக்கம்தான். ஆனால் அசையாமல் தூங்கினாள். நீ போன பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் உனக்கு வருஷத் திதி. வேலைக்காகப் பெங்களூரிலேயே தங்கிவிட்ட மாமா வருவார். அவருடைய பெரியம்மாவும் வருவார், வந்தால் சும்மா இருக்க மாட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள், படையல் போட்டதும், எல்லோரையும் வைத்துக்கொண்டு, அன்று நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லிவிடப் போகிறேன்.

மாமா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. என் முகத்தில் விழிக்காமல் போகலாம். கயலைக் கையோடு பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பள்ளிக்கூட வேன் சத்தம் இல்லாத சாயங்காலத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாமே என்று இந்தக் கடிதத்தை எழுதும்போதே நாலு தடவை நினைத்துவிட்டேன்.

இருந்தாலும் சொல்வேன், அக்கா. இது சத்தியம். அவள் என்னிடமே இருக்கட்டும், என்னை விட்டுப் போகட்டும், நீ செத்ததை இனி அவள் சுமக்க மாட்டாள். அது என்னுடையது, நானே தூக்கிக்கொள்கிறேன்.

தோசை போதுமாம். கை கழுவப் போகிறாள். கூடவே போய் நிற்கிறேன்.

உன் கூடப் பிறந்தவள், கயலுக்கு இன்றைக்கும் சித்தி,
மல்லிகா