இறங்குகிற வண்டிக்கு நாளை

மார்கழி 20, சனி

காலையில் மூடுபனி. எட்டு மணிக்கே வெயில். மல்லிக்குக் களை எடுக்க வேண்டும், யாரும் போகவில்லை. புதன்கிழமை செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் உடம்பு இன்னும் காஷ்மீர் மலையில். ரோடு வேலைக்குப் பாறையில் துளை போடும் வண்டி ஓட்டப் போனவர். ராத்திரி நெஞ்சுவலி, விடியும்போது ஆள் இல்லை. கூட வேலை பார்க்கும் பரளச்சி ஊர்க்காரர் முருகேசன் அண்ணன்தான் போனில் சொன்னது. பனி விழுந்து ரோட்டை அடைத்துவிட்டார்களாம். கீழே இறக்கினால்தான் பிளேனில் ஏற்ற முடியும்.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மதினி கஞ்சி கொண்டுவந்தாள். "மழைன்னா வடிஞ்சு போகும். பனி போகாதா?"

என் கொழுந்தன் சொன்னார்: "செவுரு மாதிரி நிக்குமாம்க்கா."

"இங்க ஒரு சொட்டுக்கு வழியக் காணோம். அங்க கெடந்து ஆள மறிக்குது."

கஞ்சியை மூடி வைத்தேன்.

மார்கழி 21, ஞாயிறு

ரோடு திறந்தாச்சு என்று போன். வாசலில் பந்தல் போட்டார்கள். மேளத்துக்கும் சொல்லியாச்சு. மகள் செல்வி தலை சீவாமல் தெருவையே பார்த்தபடி.

மதியம் மறுபடி முருகேசன் அண்ணன் போன். இன்றைக்கு ஏறுகிற வண்டி மட்டும்தானாம். ஒற்றை வழி. இறங்குகிற வண்டிக்கு நாளை.

ஏறுவது யார் என்று கேட்டேன்.

"பனி பாக்க வாரவுக தாயி. காரு காரா வாராக."

மார்கழி 22, திங்கள்

ராத்திரியே திரும்பவும் பனி. அடைப்பு. மேளக்காரர்களைத் திருப்பி அனுப்பினோம். பந்தல் சும்மா நிற்கிறது.

பொட்டு வைப்பதா, வேண்டாமா. உடம்பு வந்து சேரும்வரை அழிக்கக் கூடாது என்கிறார்கள். கண்ணாடி பார்க்காமல் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவர் அனுப்பிய வீடியோ. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை. "பாத்தியா, உப்பளம் மாதிரி இருக்குல்ல? காலு மரத்துப்போகுதுடி. ரெண்டு கம்பளி போத்தியும் நடுக்கம் நிக்கல." திரும்பத் திரும்பப் போட்டேன். செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மார்கழி 24, புதன்

நல்ல வெயில். அங்கே ரோடு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

கொழுந்தன் தரையைப் பார்த்தபடி என்னிடம்: "மதினி, அங்கனயே எரிச்சுட்டுச் சாம்பலக் கொண்டாரட்டும். பொங்கல் வருது. ஊருல பேசிக்கிறாக."

"மொகத்தப் பாக்காம எப்படிய்யா..." என்றேன்.

பாண்டியம்மாள் மதினி சண்டைக்குப் போனாள். "ஒங்க பொங்கப்பான பொங்குறதுக்கு அவன் அவசரமா வேகணுமாக்கும்?"

முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை நான்.

மார்கழி 25, வியாழன்

முருகேசன் அண்ணன் போன். குரலில் நடுக்கம். அழுகையா, குளிரா.

"தகரக் கொட்டகையில வச்சிருக்கோம் தாயி. கெடாம இருக்காரு. மொகம் அப்படியே இருக்கு."

மேலே என்ன போர்த்தியிருக்கிறது என்று கேட்டேன். தார்ப்பாயாம். அது மட்டும்தானாம்.

அதற்குப் பிறகு முகத்தைக் கேட்க மனசு வரவில்லை.

"எரிச்சிருங்கண்ணே. அவுகளுக்குக் குளிரு ஆகாது."

கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நேற்று எரிக்கச் சொன்னவர்.

பொழுது சாய மறுபடி போன். விறகெல்லாம் ஈரமாம். எவ்வளவு எண்ணெய் ஊற்றியும் பற்றவில்லையாம். நாளைக்குப் பார்க்கிறோம் என்றார்.

இங்கே வீட்டைச் சுற்றிக் கருவேல விறகு. தொட்டால் ஒடிகிறது, அவ்வளவு காய்ச்சல்.